சவலைப் பிள்ளையும் கொழுத்த ஈரலும்

அச்சம் மிகுந்தபோது 'ஈரக்குலை நடுங்கிற்று' என்று கூறுவது நம் வழக்கு. உள்ளுறுப்புகளுள் ஈரலை உயிர்நிலையாகக் கருதிய மக்களின் பேச்சில் அவ்வழக்குத் தோன்றியது இயல்பே. ஆயினும் ஈரலுக்கு வரும் நோய் யாது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகளே கிடைக்கும். ஒன்று மஞ்சட் காமாலை. அதற்குக் கீழாநெல்லி என்னும் மருந்தையும் உடனே கூறிவிடுவர். மற்றொன்று குடியினால் வரும் கேடு. கண்ணில் மஞ்சள் படராமலும், மதுவைத் தொடாமலும் ஒருவருக்கு ஈரல் கெடக்கூடும் என்பதைப் பலர் இன்றும் நம்புவதில்லை. அந்த மூன்றாவது கேடே ஈரலில் கொழுப்புப் படிதல். அதன் வரலாற்றை, தமிழர் பலர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் சித்தூர், திருப்பதிப் பகுதியை முன்னிறுத்தி ஈண்டு ஆராய்வோம். அங்கே ஒரு மனிதரின் வாழ்நாட் காலத்திற்குள், பசித்தவரின் நோயாக இருந்த ஈரற்கொழுப்பு உண்டவரின் நோயாக மாறியிருக்கிறது. அம்மாற்றத்தை அறிந்தால், வெளிமாநிலங்களில் வாழும் நாம் நம் உடலையும் ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

தொல்காப்பியப் பாயிரம் தமிழ் வழங்கும் நாட்டின் வட எல்லையாகக் குறிப்பது வேங்கட மலை. ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பகுதியின் பெரும்பாலான ஊர்கள் வட ஆர்க்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. சித்தூரே அம்மாவட்டத்தின் தலைநகராக விளங்கிற்று. 1911ஆம் ஆண்டில் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் தோன்றியபோது அதனுடன் சேர்ந்தது. 1960ஆம் ஆண்டில் திருத்தணி சென்னை மாநிலத்திற்குத் திரும்பிற்று. 2022ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. எல்லைக்கோடுகள் இவ்வாறு பலமுறை இடம் மாறினும், கோட்டிற்கு இப்பாலும் அப்பாலும் மக்கள் உண்ட உணவு ஏறத்தாழ ஒன்றே. கேழ்வரகு, கம்பு, சாமை ஆகியவை அன்றாட உணவாக இருந்தன. நெற்சோறு ஏரிப் பாசனம் உள்ள ஊர்களிலும், பிற ஊர்களில் விழா நாட்களிலும் கிடைத்தது. தெலுங்கர் சங்கடி என்பதையே நம்மவர் களி என்றனர்.

மழை பொய்த்தால் அக்களியும் இல்லை. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சம் வட ஆர்க்காட்டையும் கடப்பையையும் கடுமையாகத் தாக்கிற்று. அப்பொழுது இந்திய அரசாங்கத்தின் சார்பில் வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு 1 பவுண்டு தானியத்தை அளவாகக் கொண்டு கூலி வகுத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையாளராக இருந்த டாக்டர் கார்னிஷ் அதனை எதிர்த்தார். உழைக்கும் மனிதனுக்கு அவ்வளவு தானியம் போதாது என்றும், பருப்பு முதலிய ஊன்வளர்க்கும் பொருள்களும் வேண்டும் என்றும் அவர் வாதாடினார். மனித உடலுக்கு எவ்வளவு உணவு, எவ்வகை உணவு தேவை என்னும் வினா நம் நாட்டு ஆட்சிப் பதிவேடுகளில் பெருவாதமாக எழுந்தது அப்பஞ்சத்தின்போதுதான்.

அவ்வினாவை ஆய்வுக்கூடத்திற்குக் கொண்டுசென்ற இடம் நீலகிரியிலுள்ள குன்னூர். 1918ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் அங்குத் தொடங்கிய சிறு ஆய்வுப் பணி, பின்னர் உணவூட்ட ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. 1937ஆம் ஆண்டில் அதன் தலைவர் அய்க்ராய்டு இந்திய உணவுகளின் சத்து அளவுகளைத் தொகுத்து வெளியிட்டார். சேலத்திற் பிறந்த டாக்டர் சி. கோபாலன் 1949ஆம் ஆண்டில் அங்குப் பணியேற்றார். 1950களில் அவரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்த நோய்களுள் முதன்மையானது, குழந்தைகளின் கால் வீங்கி, வயிறு பருத்து, முடி நிறம் மங்கி, முகம் வாடும் ஒரு கொடிய நோய். மேலை ஆப்பிரிக்காவில் பணியாற்றிய சிசிலி வில்லியம்ஸ் என்னும் பெண் மருத்துவர் 1930களில் அதனை உலகிற்கு அறிவித்து, அந்நாட்டு மக்கள் வழங்கிய 'குவாஷியோர்க்கர்' என்ற பெயரையே சூட்டினார். அடுத்த பிள்ளை பிறந்தபோது மூத்த பிள்ளைக்கு வரும் நோய் என்பது அப்பெயரின் கருத்து. நம் தாய்மார் 'சவலை' என்று சொல்வதும் இதனோடு ஒட்டியதே. தம்பியோ தங்கையோ வயிற்றில் வந்தபின் தாய்ப்பாலை இழந்து, கஞ்சியிலேயே வளர்ந்து நலிந்த பிள்ளையைச் சவலைப் பிள்ளை என்றனர். இரு வேறு கண்டங்களில் இரு வேறு மொழியினர் ஒரே துன்பத்தைக் கண்டு ஏறத்தாழ ஒரே பொருளில் பெயரிட்டிருக்கின்றனர்.

இந்நோயால் இறந்த குழந்தைகளின் உடலைச் சோதித்தவர்கள் ஈரலைக் கண்டு வியந்தனர். கையும் காலும் குச்சியாயிருக்க, ஈரல் மட்டும் பருத்து, மஞ்சள் நிறம் பெற்று, கொழுப்பு நிறைந்திருந்தது. 1948ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளின் குழந்தைகளைப் பற்றி வாட்டர்லோ எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே ஈரற்கொழுப்பு நோய் என்ற பெயர் காணப்படுகிறது. அன்று அப்பெயர் வறுமையைச் சுட்டிற்று. ஈரல் தன்னிடம் சேரும் கொழுப்பை ஒருவகைப் புரதத்தோடு பிணைத்தே இரத்தத்திற்கு அனுப்புகிறது. புரதம் இல்லையேல் கொழுப்பு ஏற்றுமதியாகாமல் அங்கேயே தேங்கும். வண்டி இல்லாத ஊரில் மூட்டை கிடங்கில் குவிவது போன்ற நிலை இது. புரதக் குறைவு மட்டுமன்றி, வயிறு நிறைய உணவே கிடைக்காமையும் இந்நோய்க்குக் காரணம் என்பதைக் கோபாலன் பின்னர் வற்புறுத்தினார்.

இனி, இதே ஈரற்கொழுப்பு மேலைநாட்டில் எவ்வாறு அறியப்பட்டது என்பதைக் காண்போம். 1836ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் ஈரலின் கொழுப்பு மாற்றத்தைக் குடிப்பழக்கத்தோடு இணைத்து எழுதினார். ஈரல் கொழுத்தால் அது குடியே என்ற எண்ணம் அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் நிலைபெற்றது. 1936ஆம் ஆண்டில் ஹிம்ஸ்வொர்த் என்பார், நீரிழிவு நோயாளர் சிலரின் உடல் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பதில்லை எனக் காட்டினார். நம் சென்னையில் டாக்டர் எம். விஸ்வநாதன் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். வாட்டர்லோவின் அறிக்கை வெளிவந்ததும் அதே ஆண்டு. ஒன்று பசியின் நோய், மற்றொன்று செல்வரின் நோய் என்று அக்காலத்தார் எண்ணினர். இரண்டும் ஈரலில் வந்து கூடும் என்று கருத அன்று இடமில்லை.

1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தைச் சேர்ந்த லுட்விக்கும் அவருடைய துணைவர்களும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுடைய ஈரல் குடியரின் ஈரலைப் போலவே கொழுத்தும் அழன்றும் தழும்பேறியும் இருந்தது. ஆனால் அவர்கள் குடிப்பவர்கள் அல்லர். பெரும்பாலோர் பருத்த உடலினர். பலருக்கு நீரிழிவு இருந்தது. இதுகாறும் பெயர் பெறாத நோய் என்று தம் கட்டுரைத் தலைப்பிலேயே அவர்கள் குறித்தனர். 1988ஆம் ஆண்டில் ஜெரால்டு ரீவன், இன்சுலினுக்கு உடல் இணங்காமை, மிகு இரத்த அழுத்தம், இரத்தக் கொழுப்பின் சீர்கேடு, நெஞ்சடைப்பு ஆகியவை ஒரே வேரின் கிளைகள் என்று விளக்கினார். ஈரற்கொழுப்பும் அவ்வேரின் கிளையே என்பது அதன்பின் மெல்ல மெல்லத் தெளிவாயிற்று.

அவ்வேர் எவ்வாறு செயற்படுகிறது? நாம் உண்ட சோறு சர்க்கரையாகி இரத்தத்தில் கலக்கிறது. இன்சுலின் அச்சர்க்கரையைத் தசைக்குள்ளும் ஈரலுக்குள்ளும் செலுத்துகிறது. ஈரலின் சேமிப்பு அறை சிறியது. ஏறத்தாழ 100 கிராம் மாவுப்பொருளே அதில் அடங்கும். உடல் உழைக்காவிடில் தசை சர்க்கரையை ஏற்க மறுக்கும். மிஞ்சியதை ஈரல் கொழுப்பாக்கும். இன்சுலினுக்கு உடல் இணங்காதபோது, வயிற்றிலும் பிற இடங்களிலும் சேமித்த கொழுப்பும் தடையின்றிக் கரைந்து ஈரலை நோக்கி ஓடிவரும். 2005ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்நோயாளர் ஈரலிற் படிந்த கொழுப்பில் ஏறத்தாழ 59 சதவீதம் உடற்கொழுப்பிலிருந்து வந்ததென்றும், 26 சதவீதம் ஈரல் தானே ஆக்கியதென்றும், 15 சதவீதமே உண்ட கொழுப்பிலிருந்து நேரே சேர்ந்ததென்றும் கண்டது. ஆகவே நெய்யை மட்டும் நொந்துகொண்டு, குவித்த சோற்றையும் சர்க்கரையையும் மறந்துவிடுதல் முறையன்று. இவ்வாறு சேர்ந்த கொழுப்பு ஈரல் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டினால் அது நோயின் தொடக்கம். சிலருக்கு அது அழற்சியாகி, தழும்பாகி, ஈரற் சுருக்கத்திலும் புற்றுநோயிலும் முடியும். ஆயினும் இந்நோயாளரை மிகுதியாகக் கொல்வது நெஞ்சக நோயே.

இனி வேங்கட நாட்டிற்குத் திரும்புவோம். 1944ஆம் ஆண்டில் திருமலைக்கு முதல் மலைப்பாதை திறக்கப்பட்டது. அதற்குமுன் அடியார்கள் நடந்தோ டோலியில் அமர்ந்தோதான் ஏழுமலை ஏறினர். அலிபிரி வழியே ஏறத்தாழ 9 கிலோமீட்டர் தொலைவு; படிகள் சுமார் 3,550. 1974ஆம் ஆண்டில் இரண்டாம் பாதையும் அமைந்தபின், ஏறும் வண்டிக்கு ஒரு வழியும் இறங்கும் வண்டிக்கு ஒரு வழியுமாயின. கழனிகளிலும் இதே மாற்றம் நிகழ்ந்தது. ஏற்றம் மிதித்தும் கமலை ஓட்டியும் நீர் இறைத்த கிணறுகளில் மின்விசைப் பம்புகள் அமர்ந்தன. உரலும் உலக்கையும் ஓய்ந்தன. அரிசி ஆலைகள் எழுந்தன. 1983ஆம் ஆண்டில் என். டி. ராமராவ் அரசாங்கம் கிலோ 2 ரூபாய் விலையில் அரிசி வழங்கத் தொடங்கிற்று. 1985ஆம் ஆண்டில் திருமலையில் நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது.

இவற்றைக் குறையாகக் கூறுதல் நன்றி மறத்தலாகும். பஞ்சத்தில் மடிந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அரிசி கிடைத்தது பேரறம். சவலைப் பிள்ளைகள் குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். எனினும் ஏழையின் தட்டில் கேழ்வரகு இருந்த இடத்தை அரிசி நிரப்பியபோது, பருப்பும் கீரையும் அதே அளவில் கூடவில்லை. உடலுழைப்போ குறைந்துகொண்டே வந்தது. கோபாலன் முதலியோர் 1971ஆம் ஆண்டில் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அது சுமார் 10 மில்லிகிராமே. நார்ப்பொருளிலும் கேழ்வரகே மேம்பட்டது. ஆனால் கேழ்வரகு மந்திரமன்று. அதனை நொய்ய அரைத்துக் கூழாக்கி, வெல்லம் கலந்து, உழைப்பின்றி உண்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றவே செய்யும்.

இம்மாற்றத்தின் விளைவை இந்திய ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. 2007ஆம் ஆண்டில் வெளிவந்த மும்பை ஆய்வு, அந்நகர் இரயில்வேக் குடியிருப்புகளில் வாழ்ந்த 1,168 பேரைச் சோதித்து, 16.6 சதவீதத்தினர்க்கு ஈரற்கொழுப்பு இருக்கக் கண்டது. தமிழகத்திலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற குடும்பங்கள் பல அத்தகைய குடியிருப்புகளில் வளர்ந்தவையே. 2009ஆம் ஆண்டில் டாக்டர் வி. மோகன் குழுவினர் வெளியிட்ட சென்னை ஆய்வில் 541 பேருள் 32 சதவீதத்தினர்க்கு இந்நோய் இருந்தது. நீரிழிவு உடையோருள் 54.5 சதவீதம், சர்க்கரை அளவு இயல்பாயிருந்தோருள்ளும் 22.5 சதவீதம்.

இவற்றினும் வியப்பானது 2010ஆம் ஆண்டில் வெளிவந்த மேற்கு வங்க ஆய்வு. பீர்பூம் மாவட்டச் சிற்றூர்களில் 1,911 பேரைச் சோதித்தபோது 8.7 சதவீதத்தினர்க்கு ஈரற்கொழுப்பு இருந்தது. அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பருத்தவரும் அல்லர். தொந்தி உடையவரும் அல்லர். மெலிந்த உழைப்பாளியின் ஈரலில் கொழுப்பு எங்ஙனம் வந்தது?

இதற்கு விடை தேடுவோர் தாயின் கருப்பைவரை செல்கின்றனர். 1992ஆம் ஆண்டில் ஹேல்ஸ், பார்க்கர் என்னும் இருவர் ஒரு கருத்தை முன்வைத்தனர். கருவிலிருக்கும்போது உணவு குறைந்தால், உடல் சிக்கனத்தைக் கற்றுக்கொள்கிறது. பின்னாளில் உணவு மிகுந்தால் அச்சிக்கனமே அதற்குப் பகையாகிறது. நெதர்லாந்தில் 1944–45ஆம் ஆண்டுப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தவர்களை நடுவயதில் சோதித்தபோது, சர்க்கரையை ஏற்கும் திறன் அவர்களிடம் குறைந்திருந்தது. புனே நகரத்து மருத்துவர் யாஞ்ஞிக் நம்மவர் உடலைப் பார்வைக்கு மெலிந்தும் உள்ளே கொழுத்தும் இருப்பதென வருணித்தார். 2004ஆம் ஆண்டில் அவரும் ஆங்கில நண்பர் யுட்கின்னும் தம் உடல்களையே சான்றாக்கினர். உயரத்திற்கேற்ற எடையின் குறியெண் இருவர்க்கும் ஒன்றே, 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஞ்ஞிக் உடலில் 21.2 சதவீதம்.

சித்தூர்ப் பஞ்சமே இன்றைய ஈரல் நோய்க்குக் காரணம் என்று இதனாற் கூறிவிட முடியாது. மரபும் உணவும் உழைப்பின்மையும் பின்னிக் கிடக்கின்றன. ஆயினும் பசிக்குப் பழகிய உடலுக்கு மிகை உணவு இருமடங்கு சுமை என்பது ஏற்கத்தக்க கருத்து. சவலைப் பிள்ளையையும் கொழுத்த ஈரலையும் ஒரே வரலாற்றின் இரு பகுதிகளாகக் காண இது நமக்கு வழிகாட்டுகிறது.

நோயின் பெயரும் மாறியுள்ளது. முன்பு அதனைக் குடியினால் வராத ஈரற்கொழுப்பு என்றே மருத்துவ நூல்கள் குறித்தன. 2023ஆம் ஆண்டில் பல நாட்டு ஈரல் மருத்துவர் சங்கங்கள் கூடி, வளர்சிதை மாற்றச் சீர்கேட்டோடு இயைந்த ஈரற்கொழுப்பு நோய் என்ற பொருளில் புதுப்பெயர் வகுத்தன. பழைய பெயர் நோயாளர்க்கு இழிவு சேர்த்தது என்பதும் அதற்கொரு காரணம். 'உனக்குக் கொழுப்பு' என்பதை வசையாக வழங்கும் நம் மொழியில் அவ்விழிவு இன்னும் மிகுதி. குடியாத ஒருவர் ஈரல் நோயென்று வந்தால் ஐயுறும் சுற்றமும் உண்டு. அவ்வையத்திற்கு அஞ்சி நோயை மறைப்பவர், குணமாகும் காலத்தையும் இழக்கின்றனர்.

அரசாங்கமும் விழித்தது. 2021 பிப்ரவரியில் இந்திய அரசாங்கம் ஈரற்கொழுப்பு நோயைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் சேர்த்தது. திருப்பதியில் 1960ஆம் ஆண்டில் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியும், தேவஸ்தானத்தின் ஆதரவில் 1993 முதல் இயங்கும் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவ அறிவியற் கழகமும், அண்டையிலுள்ள வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் அப்பகுதி மக்களுக்குப் பெருந்துணை. தழும்பு ஏறிய நிலைக்கென 2024ஆம் ஆண்டில் ரெஸ்மெட்டிரோம் என்ற மருந்தையும், 2025ஆம் ஆண்டில் செமாகுளுட்டைடு என்ற மருந்தையும் அமெரிக்க அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. எனினும் தொடக்க நிலையில் சிறந்த மருந்து நம் அன்றாட ஒழுக்கமே. பருத்த உடலினர் எடையில் 5 சதவீதம் குறைத்தால் ஈரற்கொழுப்புக் கரையத் தொடங்குகிறது. 7 சதவீதம் குறைந்தால் அழற்சி தணிகிறது. 10 சதவீதம் குறைந்தோர் பலர்க்குத் தழும்பும் பின்வாங்குகிறது. கடும் பட்டினி வேண்டா. பட்டினியாலும் ஈரல் கொழுக்கும் என்பதைச் சவலைப் பிள்ளையிடம் கண்டோம்.

பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நம்மில் பலர், நாற்காலியில் அமர்ந்து பணிசெய்து, உழவர்களான நம் பாட்டன்மாருக்கு ஏற்ற அளவில் சோறு உண்கிறோம். இடுப்பளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினாலும், சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இரத்தக் கொழுப்போ மிகுந்தாலும், மெலிந்த உடலினரும் ஈரலைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். ஒலியலைப் படம் கொழுப்பைக் காட்டும். வயது, ஈரல் நொதிகள் இரண்டு, இரத்தத் தட்டணுக்கள் ஆகியவற்றைக் கொண்டு மருத்துவர் செய்யும் எளிய கணக்கு, தழும்பின் அபாயத்தை மதிப்பிட உதவும். சோற்றின் அளவைக் குறைத்துப் பருப்பும் காயும் கீரையும் கூட்டுதல், சர்க்கரைப் பானங்களையும் மதுவையும் விலக்குதல், நாள்தோறும் நடத்தல் ஆகிய இவை எந்த மாநிலத்திலும் எவர்க்கும் இயல்பவை. திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தில் வள்ளுவர் மூலிகைகளை அடுக்கவில்லை. உணவின் அளவைப் பற்றியே பெரிதும் பேசுகிறார். டாக்டர் கார்னிஷ் அன்று போராடியது ஏழைக்கு அவ்வளவு குறையாதிருத்தற்கு. அதனை மிகாது காப்பது இன்று நம் கையில் இருக்கிறது.